ஏழு டப்பா

ஆழ்வார்குறிச்சியில் அறுபது டப்பா கொடுத்து ஐம்பத்தெட்டைத் திரும்ப வாங்கி வந்திருந்தாள் பிரியதர்ஷினி. ராதாபுரத்தில் அதேபோல் அறுபது கொடுத்த ஜெசிக்குக் கிடைத்தது பதினொன்று.

டப்பாவுக்குள் இருப்பது மலம். குடலில் வாழும் நுண்ணுயிர்களைத் தீர்மானிப்பது பரம்பரையா, சாப்பாடா என்பதுதான் பாளையங்கோட்டை ஆய்வகத்தின் கேள்வி. அதற்கு ஒவ்வொருவரிடமும் எச்சிலும் மலமும் வேண்டும். எச்சிலைச் சிரித்துக்கொண்டே துப்பித் தந்துவிடுவார்கள். மற்றதைக் கேட்டால் கதவைச் சாத்துவார்கள். பிரியதர்ஷினிக்கு மட்டும் யாரும் சாத்தவில்லை.

“என்னதான் பேசுதியோ தெரியலம்மா! ஊரே உனக்கு அள்ளிக் குடுக்குதே” என்று இயக்குநர் எபனேசர் எல்லார் முன்னிலையிலும் மெச்சினார்.

ஜெசிக்கு வயிறு எரிந்தது. அவளுக்குப் பதினான்கு வருஷ அனுபவம். பிரியதர்ஷினி வேலைக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அடுத்த கட்ட ஆய்வுக்குத் தலைமை யார் என்பதை மாதக் கடைசிக் கூட்டத்தில் எபனேசர் அறிவிக்கப்போகிறார்.

ஆறாம் தேதி சாயங்காலம் எல்லாரும் கிளம்பிய பிறகு, ஆழ்வார்குறிச்சி முடிவுகளை ஜெசி துருவ ஆரம்பித்தாள். மலத்தோடு அந்த ஆளின் குடல் செல்களும் உதிர்ந்து வரும். அவற்றின் டி.என்.ஏ.வை எச்சிலின் டி.என்.ஏ.வோடு ஒப்பிட்டால் டப்பா யாருடையது என்று தெரிந்துவிடும். ஆய்வின் கடைசியில்தான் அதைச் செய்வது வழக்கம். ஜெசிக்குப் பொறுமை இல்லை.

ஒரே வீட்டில் ஏழு பேர் பெயரில் ஏழு டப்பா. ஏழிலும் ஒரே ஆள். அதுவும் ஆண். செல்லக்கிளி என்று பெயர் ஒட்டிய டப்பாவிலும் இருந்தது அவள் கணவன் கருத்தையாதான்!

ஜெசி வாய்விட்டுச் சிரித்தாள். முடிவை அச்செடுத்து, தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. “அக்கா, டீ குடிக்க வாரியளா?” என்று பிரியதர்ஷினி கூப்பிடும்போதெல்லாம் அவள் கை அந்தப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

இருபத்தேழாம் தேதி கூட்டத்தில் எழுந்தாள். “ஐம்பத்தெட்டுன்னு கொண்டாடுதோம் சார். அதுல ஏழு ஒரே ஆளோடது” என்று தாளை மேஜையில் வைத்தாள்.

யாரும் அதிரவில்லை.

“கருத்தையா அண்ணாச்சி வீடுதானக்கா?” என்றாள் பிரியதர்ஷினி. “செல்லக்கிளியக்கா போன வாரம் போன் போட்டாவ. ‘ஏ தாயி, மனசு கேக்கல. எங்களுக்கெல்லாம் ஒரே வெக்கம். எங்க வீட்டுக்காரருக்குத்தான் அந்தக் கூச்சமே கெடையாது. ஏழையும் அவரே ரொப்பிட்டாரு. மூணு நாளு பாடுபட்டாரு, பாவம்’னாவ. மறுநாளே போயி மத்த ஆறு பேருகிட்டயும் புதுசா வாங்கிட்டேன். சார்ட்டயும் சொல்லிட்டேன்.”

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எபனேசர் மட்டும் சிரிக்கவில்லை. தாளின் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஜெசி, இதுல ஆறாம் தேதின்னு போட்டிருக்கு.”

“ஆமா சார்.”

“மூணு வாரமா இத வச்சிக்கிட்டு என்ன செஞ்சிய?”

சிரிப்பு நின்றது. ஜெசி தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்தாள், மறுபடி மூடினாள்.

தலைமை பிரியதர்ஷினிக்குப் போனது.

கூட்டம் கலைந்ததும் அவள் ஜெசியிடம் வந்தாள். “அக்கா, அந்த டி.என்.ஏ. ஒப்பீட்டை இனிமே முதல்லயே செய்யணும்னு சார்ட்ட கேட்டிருக்கேன். நீங்கதான் அத பாக்கணும். எனக்கு அது ஓடாது.”

அந்த முகத்தில் ஒரு துளி ஏளனம் இருக்குமா என்று ஜெசி தேடினாள். இல்லை. இருந்திருந்தால் ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருப்பாள்.

“ராதாபுரத்துல பாக்கி நாப்பத்தொம்போது இருக்கேக்கா. நானும் கூட வரட்டா?”

“வா” என்றாள் ஜெசி. தனக்குச் சாத்திய கதவுகளில் எத்தனை இவளுக்குத் திறக்கும் என்று அப்போதே எண்ணத் தொடங்கியிருந்தாள்.