கதவுக்குத் தெரியாத முகம்

கதவு திறக்கவில்லை.

மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, சுவரிலிருந்த கேமராவுக்கு மறுபடி முகத்தைக் காட்டினாள். சிவப்பு விளக்கு. "பதிவில் இல்லாத முகம்" என்றது ஒரு பெண்குரல், ஈவிரக்கமில்லாமல்.

பத்திரிகை அலுவலகத்தின் படப் பிரிவில் அவளுக்கு இன்று முதல் நாள். பின்னால் வரிசை நீண்டது. கன்னத்துப் பருக்கள் ஒவ்வொன்றும் விளக்குப் போட்டு எரிவது போலிருந்தது. ஓடிவிடலாமா? பழைய ஸ்டுடியோவில் குழுப் படம் எடுக்கிறார்கள் என்றதும் அப்படித்தான் ஓடினாள். அப்புறம் மாதக்கணக்கில் அறையை விட்டு வெளியே வரவில்லை.

செக்யூரிட்டி அக்கா, அவள் பெயரில் பதிவாகியிருந்த படத்தோடு கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினாள்.

"இது யாரும்மா, உன் தங்கச்சியா?"

"நான்தாங்க்கா."

ஸ்டுடியோவில் மணப்பெண்களின் படங்களில் பருக்களை அழிப்பதுதான் அவள் வேலையாக இருந்தது. வேலைக்கு விண்ணப்பித்தபோது தன் படத்திலும் கை வைத்தாள், கை நிற்கவில்லை. பரு போனது, தழும்பு போனது, தாடையைச் செதுக்கினாள், மூக்கையும் ஒரு தட்டு தட்டினாள். திரையில் யாரோ ஒருத்தி பளிங்காகச் சிரித்தாள். அந்தப் படம்தான் கதவின் பதிவுக்கும் போயிருந்தது.

"நல்ல வேலைக்காரிதான். உன்னையே காணாம அடிச்சிட்டியே."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். செல்போன் அதிர்ந்தது. வீட்டிலிருந்து, அவளுடைய சொந்த அக்கா.

"உள்ள போயிட்டியாடி?"

"கதவு விடமாட்டேங்குதுக்கா. திரும்பி வந்துடட்டுமா?"

"இத்தனை நாள் நீ எங்களை உன் ரூமுக்குள்ள விட்டியா? அந்தப் பாவம்தான். டாக்டரம்மா என்ன சொன்னாங்க? பரு மெதுவாத்தான் போகும், அதுக்காக நீ வாழ்க்கையை நிறுத்தி வைக்காதன்னாங்கல்ல? திரும்பி வந்தா நானும் கதவைத் திறக்கமாட்டேன்."

சிரிப்பை அடக்க முடியவில்லை அவளுக்கு.

"புதுசா ஒரு படம் எடுத்துடுங்க்கா" என்றாள் செக்யூரிட்டியிடம்.

"இதுல அழகாக்குறதுக்கு ஒரு பொத்தான் இருக்கு. அமுக்கட்டுமா?"

விரல் நமநமத்தது.

"வேணாங்க்கா. மறுபடி கதவு கோவிச்சுக்கும்."

கிளிக். கேமராவுக்கு முன்னால் போய் நின்றாள். பச்சை விளக்கு எரிந்தது. கதவு நழுவி வழிவிட்டது.

"ஏம்மா, மாஸ்க்கை இங்கயே வச்சுட்டுப் போறியே?"

"இருக்கட்டுங்க்கா. தூசி அடிக்கிற அன்னிக்கு வாங்கிக்கிறேன்."