இருபத்துநாலு நிமிடம் பிந்தி வந்த பதில்

அந்தச் சுங்கச் சாலையில் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் போகிறவர்களின் பேச்சு அவர்களோடு போவதில்லை. வண்டி போய்விடும்; பேச்சு மட்டும் விதித்த வேகத்தை மீறாமல் நூறிலேயே பின்னால் வந்து, வெளியேறும் சாவடியில் எல்லோர் காதிலும் விழும்படி ஒருமுறை ஒலித்துவிட்டு அடங்கும். இன்ஜின் சத்தம், ஹாரன், வண்டியில் ஓடும் பாட்டு எல்லாம் வண்டியோடு வந்துவிடும். மனிதர் வாயிலிருந்து வந்தது மட்டும்தான் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. சாலையின் நீளம் நூற்று நாற்பது கிலோமீட்டர். நூறில் வந்தால் எண்பத்துநாலு நிமிடம், நூற்று நாற்பதில் வந்தால் ஒரு மணி நேரம். ஆகவே நூற்று நாற்பதில் பறக்கும் ஒருவர் நுழைவுச் சாவடியில் சொன்ன வார்த்தை, அவர் இந்தப் பக்கம் வெளியேறி இருபத்துநாலு நிமிடம் கழித்துத்தான் வந்துசேரும். பாதி வழியில் சொன்னது பன்னிரண்டு நிமிடத்தில் வந்துவிடும். கடைசியில் சொன்னது முதலில், முதலில் சொன்னது கடைசியில். இதனால் சாவடியில் இருப்பவர்களுக்குச் சமாதானம் முன்னால் கேட்கும், சண்டை பின்னால் கேட்கும்; சண்டைக்கு என்ன காரணம் என்று தெரிவதற்குள் கையிலிருக்கும் டீ ஆறிப்போகும்.

இது சாலை திறந்த ஐந்தாம் ஆண்டில் தொடங்கியது. அதற்கு முன் வேகத்தைக் குறைக்கச் செய்யாத வேலை இல்லை. பலகை வைத்தார்கள், கேமரா வைத்தார்கள். கேமராவுக்கு நூறு அடி முன்னால் எல்லோரும் சாதுவானார்கள், நூறு அடி தாண்டியதும் பழைய குருடி கதவைத் திறடி. பேச்சு பின்தங்கத் தொடங்கியதும் முதலில் மாட்டியவர் ஒரு வீட்டுமனைத் தரகர். தோண்டினால் பத்தடியில் தண்ணீர் என்று வழியில் போனில் யாரிடமோ சத்தியம் செய்துவிட்டு, போனை வைத்ததும் பக்கத்திலிருந்த கூட்டாளியிடம் அங்கே தண்ணீரைக் கண்ணில் பார்த்தவர் கிடையாது என்று சிரித்திருக்கிறார். சாவடியோரத்து டீக்கடையில் அந்தப் போன் பேச்சின் மறுமுனைக்காரரே உட்கார்ந்திருந்தார். முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் சத்தியம் வந்தது. தவளை தன் வாயால் கெட்டது என்று டீக்கடைக்காரர் சொன்னதோடு அந்த விஷயம் முடிந்தது.

அடுத்து வந்தவர் ஒரு மேலதிகாரி. சாவடியில் மேடை போட்டு, மிதமான வேகம் பற்றி அவர் உரையாற்ற ஏற்பாடு. நேரமாகிவிட்டதென்று நூற்று அறுபதில் வந்து இறங்கினார். உரையின் நடுவில், வண்டியேறியதும் அவர் டிரைவரிடம் சொன்ன வார்த்தை வந்துசேர்ந்தது. நூறில் போகிறவன் வேலைவெட்டி இல்லாதவன், நீ மிதி என்று அவர் குரலே மைக்கை விடத் தெளிவாகச் சொன்னது. கூட்டம் இரண்டு உரைக்கும் சேர்த்துக் கைதட்டியது. பிறகு சில நிபுணர்கள் கருவிகளோடு வந்து பதினோரு நாள் அளந்து, காற்றுதான் காரணம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ஒருவரோடு ஒருவர் பேசாமல் நூற்று முப்பதில் திரும்பிப் போனார்கள்.

அபராதத்துக்கு அசையாத சாலை வெட்கத்துக்கு அசைந்தது. இரண்டே வருடத்தில் சராசரி வேகம் நூற்று முப்பத்தொன்றிலிருந்து நூற்று மூன்றுக்கு இறங்கியது. வேகத்தை விட முடியாதவர்கள் சாவடியைத் தாண்டி ஓரமாக நிறுத்திக் கண்ணாடியை இறக்கி வைத்துக் காத்திருந்தார்கள்; பேசியவரே அங்கே இருந்தால் பேச்சு ஜன்னல் வழியே உள்ளே போய் அமைதியாக அடங்கிவிடும். அவசரமாக வந்துவிட்டு இப்படி உட்கார்ந்திருப்பதற்கு மெதுவாகவே வந்திருக்கலாமே என்று அவர்களிடம் யாரும் கேட்கவில்லை, டீக்கடைக்காரரின் வியாபாரம் அதில்தான் நடந்தது. மனத்தாங்கலோடு வரும் தம்பதிகள் நூறைத் தாண்டவே மாட்டார்கள். ஒருவருக்கொருவர் சொல்ல ஒன்றுமே இல்லாதவர்கள் நூற்றைம்பதில் போனார்கள். வேகமானியைப் பார்த்தே குடும்பத்தை எடைபோடலாம் என்று சாவடியில் ஒரு பேச்சு உண்டு.

அந்தச் சாவடியின் மூன்றாம் கவுண்டரில் இருந்தவள் ரொட்டி வேன்காரரின் மனைவி. அவர் விடியற்காலையில் காலி வேனை எடுத்துக்கொண்டு சாலையின் அந்தக் கோடியிலிருக்கும் பேக்கரிக்குப் போவார். ஒன்பது பத்துக்குச் சரக்கோடு நுழைவுச் சாவடியைத் தாண்டி, பத்து பத்துக்கு இந்தப் பக்கம் வந்துவிடுவார். பதினொன்றுக்குள் கடைகளில் ரொட்டி இருந்தாக வேண்டும், அதனால் நூற்று நாற்பது. தினமும் அவள் கவுண்டருக்கே வருவார், சீட்டை நீட்டுவார், அவள் வாங்குவாள், தடுப்பு உயரும். வீட்டிலும் ஏறக்குறைய இதே அளவு பேச்சுதான். அவள் எதைக் கேட்டாலும் பதில் "ம்." குழாய் ஒழுகுகிறதே என்றாலும் ம், உங்கள் அக்காவுக்கு என்ன பதில் சொல்லட்டும் என்றாலும் ம். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று முதலில் கேலி செய்து பார்த்தாள், பிறகு கோபப்பட்டுப் பார்த்தாள், பிறகு அவளுக்கும் அலுத்துவிட்டது. கல்யாணமான புதிதில் ஒரு நாளைக்கு நாலு வார்த்தையாவது பேசியவர்தான். ஆறு வருடமாக அதுவும் நின்றுபோனது அவளுக்குள் ஆறாத வலியாக இருந்தது.

அந்த வருடம் நுழைவுச் சாவடியில் மேற்பார்வையாளர் வேலை காலியானது. இரண்டு அறை கொண்ட குடியிருப்பும் உண்டு. மேலாளர் அவள் பெயரை எழுதிவிட்டு, கையெழுத்துப் போட மூன்று நாள் கொடுத்தார். மூன்றாம் நாள் விடியற்காலையில், கணவர் வாசலில் குனிந்து ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"ஏங்க, நான் அந்தப் பக்கம் போயிடட்டுமா?"

அவர் கயிற்றைக் கட்டி முடித்தார். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"ம்."

போ என்று சொல்லியிருந்தால் கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது. வேலைக்கு வந்தாள். அன்று பார்த்து மூன்றாம் கவுண்டரின் தடுப்பு மேலே போய் இறங்க மாட்டேன் என்று நின்றுவிட்டது. மெக்கானிக் வரும்வரை கவுண்டரை மூடச் சொன்னார்கள். சரி, இந்த நேரத்தில் கையெழுத்தைப் போட்டுவிடலாம் என்று படிவத்தோடு டீக்கடைக்கு வந்து மேஜையில் விரித்தாள். பத்து பத்துக்கு ரொட்டி வேன் இரண்டாம் கவுண்டர் வழியாகப் போவதைப் பார்த்தாள். படிவத்தை இன்னொரு முறை படித்துவிட்டுப் பேனாவின் மூடியைக் கழற்றினாள். அப்போது அவள் காதருகில் கணவரின் குரல் நிதானமாகச் சொன்னது:

"சரி, போயிட்டு வா."

அவ்வளவுதானே என்று பேனாவைப் படிவத்தில் வைக்கப் போனாள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் டீக்கடைக்காரர் ஒரு டம்ளரை வைத்தார்.

"இரும்மா. இது கடைசியா சொன்னது. முதல்ல சொன்னது இன்னும் வரல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஆறு வருஷமா தினம் கேக்குறோமே. காலையில நீ வீட்ல கேக்குறதுக்கெல்லாம் வர்ற வழியில பதில் சொல்லிட்டுத்தானே வர்றார்."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பெஞ்சிலிருந்த துப்புரவுக்காரம்மா எடுத்துச் சொன்னார். குழாய்க்கு வாஷர் வாங்கி வேன் பெட்டியில் போட்டிருப்பதாக அவர் சொல்லி மூன்று வாரம் ஆகிறது. அக்காவுக்கு என்ன பதில் என்பதையும் போன மாதமே சொல்லிவிட்டார், அது நல்ல பதிலும் கூட. அவளுக்குத் தெரியாது என்பது இவர்களுக்குத் தெரியாது. கவுண்டர்களுக்கு ஏசி போட்டுக் கண்ணாடியால் அடைத்ததும் இதே ஆறு வருடத்துக்கு முன்புதான், பேச்சு பின்தங்க ஆரம்பித்ததும் அப்போதுதான். கை நுழையும் ஓட்டையைத் தவிர வழியில்லாத அந்தக் கூண்டுக்குள் வெளியே நடக்கும் எதுவும் கேட்காது என்று யாரும் யோசிக்கவில்லை. வேன்காரரும் யோசிக்கவில்லை. யோசித்து யோசித்து வழியில் பதில் சொல்லி அனுப்பியாகிவிட்டது, அதை வீட்டில் இன்னொரு முறை எதற்குச் சொல்வது என்பது அவர் கணக்கு. ஒரு நாளாவது இவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்கிறாளா என்று அவருக்கும் உள்ளூர ஒரு குறை இருந்ததாகத் துப்புரவுக்காரம்மா சொன்னார். அதையும் அவர் சாலையில்தான் சொல்லியிருந்தார்.

அவர் இருபது கிலோமீட்டருக்கு ஒரு வாக்கியம் பேசுகிறவர். அதனால் வாக்கியங்கள் மூன்றரை நிமிடத்துக்கு ஒன்றாக வந்தன. இரண்டாவதாக, "குடையை எடுத்துக்க, அந்தப் பக்கம் மழை அதிகம்" என்று வந்தது. மூன்றாவதாக, "உனக்குத் தனியா இருந்தாதான் நிம்மதின்னா நான் தடுக்கல" என்று வந்தது. அவள் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள், டம்ளர் விடவில்லை. தேடிக்கொண்டு வந்த மேலாளர், பதினைந்து நிமிடத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள், "நானா வந்து நிக்கிறது எப்படி, சொல்லு" என்று குரல் கேட்டது. எங்கே வந்து நிற்பது என்று பெஞ்சில் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மேலாளர் தானும் உட்கார்ந்து ஒரு டீ சொன்னார்.

"எவ்வளவு நேரம்?" என்றாள் அவள்.

"ஆக்கப் பொறுத்த நீ, ஆறப் பொறுக்க மாட்டியா? இன்னும் பத்து நிமிஷம்மா" என்றார் டீக்கடைக்காரர்.

பத்து இருபத்தேழுக்கு, "அதையெல்லாம் நெனச்சுட்டுத்தான் ம்முன்னு சொன்னேன்" என்பது வந்தது. அதன் பின்னால், "பேக்கரியும் அங்கதான் இருக்கு, வீடும் அங்கயே இருந்தா காலி வண்டிய ஓட்டுற வேலை மிச்சம்" என்பது வந்தது. துப்புரவுக்காரம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அவள் தோளில் கை வைத்தார். இடையில் நூற்று இருபதில் போன ஒரு குடும்பத்தின் கூச்சல் வந்து குறுக்கே விழுந்தது. பெஞ்சு மொத்தமும் அதை உஸ் என்று அடக்கியது, அதுவும் அடங்கியது. பத்து முப்பத்துநாலு ஆனது. நூற்று நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால், நுழைவுச் சாவடியைத் தாண்டிய கையோடு அவர் சொன்ன முதல் வாக்கியம், கடைசி வாக்கியமாக வந்துசேர்ந்தது.

"நீ என்னையும் கூப்பிடுவேன்னு நெனச்சேன்."

அவள் அழுதாள். ஆறு வருடத்துக்கும் சேர்த்து அழுததால் சற்று நேரம் ஆனது. மேலாளர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, படிவம் நாளைக்கு வந்தாலும் பரவாயில்லை என்றார். அதில் டம்ளரின் வட்டம் அழுத்தமாக விழுந்திருந்தது.

அன்று சாயங்காலம் அவள் கணவரிடம் இரண்டு விஷயம் சொன்னாள். கவுண்டரில் கண்ணாடி போட்ட நாளிலிருந்து வெளியே பேசுவது எதுவும் தன் காதில் விழுந்ததில்லை என்பது ஒன்று. அவர் எழுந்து போய், வேன் பெட்டியிலிருந்து வாஷரை எடுத்து வந்து குழாயில் மாட்டினார். ஒழுகல் நின்றது. இரண்டாவது, ஒரு கேள்வி.

"நீங்களும் என்கூட வந்துடுறீங்களா?"

"ம்" என்றார்.

அவளுக்கு இந்த முறை கோபம் வரவில்லை. பதில் எங்கே, எத்தனை மணிக்கு வரும் என்று இப்போது தெரியும்.

மறுநாள் டீக்கடைக்காரர் இரண்டாவது பெஞ்சை எடுத்துப் போட்டிருந்தார். அதிலும் இடமில்லை. மூன்றாம் கவுண்டரின் தடுப்பு சரியாகிவிட்டதால் அவள் உள்ளே இருந்தாள். வார்த்தைகளைக் கேட்டு வைத்துக்கொள்ளும் பொறுப்பு துப்புரவுக்காரம்மாவுடையது. பத்து பத்து ஆனது. வேன் வரவில்லை. பத்து இருபதுக்கும் வரவில்லை. ரொட்டிக் கடைகளிலிருந்து மேலாளருக்கே போன் வந்தது. மற்றவர்கள் எதை எதையோ நினைத்துக்கொண்டு சாலையையே பார்த்தார்கள். அவள் ஒரு லாரிக்காரரிடம் ஒரே சீட்டை இரண்டு முறை கேட்டாள். பத்து முப்பத்துநாலுக்கு, ஒரு நிமிடம் முன்னே பின்னே இல்லாமல், ரொட்டி வேன் மூன்றாம் கவுண்டரில் வந்து நின்றது. வழி நெடுக நூறு. அந்த வேனுக்கு அப்படி ஒரு வேகம் தெரியும் என்பதே பலருக்குப் புதிய செய்தி.

அவர் சீட்டை நீட்டவில்லை. கண்ணாடியை இறக்கி, இடுப்புவரை வெளியே சாய்ந்து, கை நுழையும் ஓட்டையில் வாயை வைத்தார். பின்னால் ஆறு வண்டிகள் ஹாரன் அடித்தன.

"நேத்து கேட்டியே. வர்றேன்."

அவள் சீட்டுக்குக் கையை நீட்டினாள். அவர் கொடுத்தார்.

"ம்" என்றாள் அவள். தடுப்பு உயர்ந்தது.

அந்த வேனிலிருந்து இன்னும் ஏதாவது வரும் என்று பெஞ்சில் இருந்தவர்கள் பத்து ஐம்பத்தெட்டு வரைக்கும் காத்திருந்தார்கள். ஒன்றும் வரவில்லை. டம்ளர்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.