துண்டு போர்த்திய கேமரா

எங்கள் வீட்டில் மின்சாரத்தில் ஓடும் எதைப் பற்றியும் கருத்துச் சொல்லும் உரிமை பல ஆண்டுகளாக என்னிடம் இருந்தது. இன்டர்நெட் படுத்தால் என்னைத்தான் எழுப்புவார்கள். அக்காவுக்குக் கல்யாணமான நான்காம் மாதம் அந்தப் பதவிக்கு ஆபத்து வந்தது. அத்தான் லிஃப்ட் மெக்கானிக். நல்ல மனிதர். அதுதான் பிரச்சினையே.

ஏணியிலிருந்து விழுந்த அப்பாவுக்குக் காலில் மாவுக்கட்டு. ஆறு வாரம் கால் ஊன்றக் கூடாது என்றார் டாக்டர். அம்மா வேலைக்கும் நான் கல்லூரிக்கும் கிளம்பியதும் அப்பா ஒற்றைக் காலில் ஃப்ரிட்ஜுக்கு யாத்திரை போனார். எனவே ஹாலில் கேமரா வைப்பது என்று முடிவானது.

"மாப்பிள்ளைகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுடலாம்" என்றார் அப்பா.

"எதுக்கு? இது என்ன மாடிக்கு மாடி போகப்போகுதா?" என்றேன்.

மூன்று நாள் உட்கார்ந்து, பதினேழு கேமராக்களை ஒப்பிட்டு, நாற்பது வரியில் அட்டவணை போட்டேன். நான் தேர்ந்தெடுத்தது இருட்டில் எறும்பின் மீசையைக்கூடக் காட்டும். ஞாயிற்றுக்கிழமை வந்த அத்தான் அட்டவணையைப் பார்த்து, "பின்னிட்டே மச்சான்" என்றார். பிறகு அம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அத்தை, இதை நீங்க எதுல பார்ப்பீங்க?"

"ஆபீஸ் கம்ப்யூட்டர்லதான். போனை வாசல்லயே வாங்கி வெச்சுக்குவாங்க. கம்ப்யூட்டர்லயும் புதுசா எதையும் ஏத்த விடமாட்டாங்க."

நாற்பது வரியில் அந்த வரி இல்லை. என் கேமரா, அதற்கென்று உள்ள ஆப் இருந்தால்தான் கண் திறக்கும். அத்தான் சொன்ன வேறொரு கேமராவுக்குப் பிரவுசர் போதும். முகவரியும் பாஸ்வேர்டும் போட்டால் படம் ஓடும். அம்மா அவரைப் பார்த்தாளே ஒரு பார்வை, நான் பன்னிரண்டாம் வகுப்பு தேறியபோதுகூட என் மேல் விழாதது அது. எனக்கு வயிறு எரிந்தது. தண்ணீர் குடித்தேன். அணையவில்லை.

மறுநாளே அத்தானின் கேமரா புத்தக அலமாரிமேல் ஏறியது.

செவ்வாய் மதியம் எனக்குக் கல்லூரி இல்லை. நானும் அப்பாவும் மட்டும் வீட்டில். யாராவது பார்த்தால் கேமராவில் சிவப்பு விளக்கு எரியும் என்பது என் அட்டவணையின் பன்னிரண்டாம் வரி. இதில் விளக்கு எரியவில்லை. இந்தக் கேமராவுக்கு விளக்கே கிடையாது என்பதை நான் யோசிக்கவில்லை. முதலில் நாக்கைத் துருத்திக் காட்டினேன். பிறகு துவைக்கப் போட்டிருந்த துண்டை எடுத்து அதன் தலையில் போர்த்தினேன். அம்மா பார்க்கும்போது இருட்டுதான் தெரியும். மாப்பிள்ளை வாங்கிய சாமான் மண்ணைக் கவ்வும்.

"அப்படியே இருக்கட்டும்டா" என்று அப்பா எழுந்தார். "ஃப்ரிட்ஜுல கேக் இருக்கு."

"போங்கப்பா, யாரு பார்க்கப்போறா? பெரிய கேமராவாம்! லிஃப்ட் பட்டன் அமுக்கறவருக்கு என்ன தெரியும்?"

அப்பா மூன்று தாவல் தாவியிருப்பார். போன் அடித்தது. ஆபீஸ் லேண்ட்லைனிலிருந்து அம்மா.

"முதல்ல அவரை உட்காரச் சொல்லு."

"அம்மா, படம் தெரியுதா?"

"நாக்கு வரைக்கும் தெரிஞ்சுது. அப்புறம் துண்டு. ஆனா சத்தம் துண்டைத் தாண்டி வருதுடா. எங்க செக்ஷனே கேட்டுட்டு இருக்கு. லிஃப்ட் பட்டன் பத்தி இன்னும் ஏதாவது சொல்லணுமா?"

அப்பா அப்போதே உட்கார்ந்துவிட்டார். தரையில்.

சாயங்காலம் அத்தானும் அக்காவும் வந்தபோது அம்மா ஒன்று விடாமல் சொன்னாள். அக்கா என்னை முறைத்தாள். அத்தான் சிரிக்கவில்லை.

"மூடினாலும் சத்தம் வருதான்னு மச்சான் டெஸ்ட் பண்ணிட்டான் அத்தை. எனக்கே தோணலை" என்றார்.

என்னைக் காப்பாற்றிவிட்டார், பாவி. பட்டன் விஷயத்துக்காவது கோபப்பட்டிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். அம்மா அவர் தட்டில் கடைசித் துண்டு கேக்கை வைத்தாள்.

நான் அறைக்குப் போய் அட்டவணையைத் திறந்தேன். நாற்பத்தோராவது வரி சேர்த்தேன்: 'பார்க்கப்போகிறவர் எதில் பார்ப்பார்?'

யார் கேட்ட கேள்வி என்று மட்டும் எழுதவில்லை.