மடிப்பு விழாத திரை

...இரட்டை அகலம் வேண்டும், ஜன்னல் ஆறடி என்றால் துணி பன்னிரண்டடி, அப்போதுதான் திரையில் மடிப்பு விழும், இருபது வருடமாகக் கைக்குத் தெரிந்த கணக்கு, அதை எப்படி மறந்தான், ஜன்னல் அளவுக்கே வெட்டித் தைத்துவிட்டான், மாட்டினால் தட்டையாக நிற்கிறது, "என்னப்பா, பெட்ஷீட்டக் காயப் போட்டிருக்கியா?" என்று திரை தைக்கச் சொன்ன வீட்டுக்காரம்மா சிரித்தாள், அவனுக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும், வரவில்லை... வாரம் ஒரு ஊசி, சர்க்கரைக்கும் எடைக்கும் சேர்த்து, நாலு மாதமாகிறது, முதலில் பசி போனது, பிறகு காபி, பிறகு வேலை நேரத்து முணுமுணுப்புப் பாட்டு, மகளின் போனுக்கான காத்திருப்பு, யாரோ அறை அறையாக விளக்கை அணைத்துக்கொண்டே போவது போல, இருட்டுகூட இல்லை, வெளுத்த ஒரு மூட்டம், அதில் மிதக்கிறான். ஊசியாலா? வயிற்றில் போடுகிற ஊசிக்கு மனசில் என்ன வேலை? வயசாகிறதோ?

"பன்னிரண்டு கிலோ குறைஞ்சிருக்காரு, சிஸ்டர்!" மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள். கிளினிக்கில் நர்ஸ் கேட்கும் எல்லாவற்றுக்கும் அவள்தான் பதில். வாந்தி? இல்லை. தலைசுற்றல்? இல்லை. "கல்யாண போட்டோல இருந்த மாதிரியே ஆயிட்டாரு. யாராவது கொத்திட்டுப் போயிடுவாங்களோன்னு எனக்குத்தான் பயம்." நர்ஸ் சிரித்தாள், அவனும் உதட்டை விரித்தான், எத்தனை சந்தோஷம் இவளுக்கு, அதில் எப்படிக் கை வைப்பது...

அந்தத் திரை மாட்டிய வீடு பதினோராவது மாடி, ஜன்னல் திறந்திருந்தது, ஏணியில் நின்றவன் வெளியே பார்த்தான், கீழே மரங்கள் பாசி போல, இல்லாமல் போனால் என்ன என்று ஒரு நினைப்பு, அழுகையோடு அல்ல, மறந்துபோன சாமானைப் போல சும்மா வந்து நின்றது, அவனும் நின்றான், எவ்வளவு நேரம்? அந்தப் பெட்ஷீட் பேச்சு காதில் விழுந்த பிறகுதான் இறங்கினான், அந்த வீட்டுக்காரம்மா பேசியிராவிட்டால்?

"மனசு எப்படி இருக்கு? சோர்வு, வேண்டாத யோசனை ஏதாவது?" நர்ஸ் அடுத்த கேள்விக்கு வந்திருந்தாள்.

"அவருக்கென்ன சிஸ்டர், ஜம்முனு இருக்காரு."

நர்ஸின் பேனா படிவத்தில் 'இல்லை' பக்கம் நகர்ந்தது.

"இருங்க சிஸ்டர். இதுக்கு நான் சொல்றேன்."

பேனா நின்றது. "என்னங்க?" என்றாள் மனைவி, சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது, அது கலையப்போவதைப் பார்த்தான், நெஞ்சு அடித்துக்கொண்டது, உள்ளங்கை ஈரமானது... பயமா? பயந்தானே இது? அந்த ஜன்னலில்கூட வராதது.