கேட்டு வாங்கிய அடி

காளையின் முதுகில் பட்டை பட்டையாகத் தடித்திருந்த இடங்களை மோகனப்பிரியா பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள். மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் கால்நடை மருந்தகத்தில் அன்றைக்கு இதுதான் கடைசி மாடு. மருந்து பட்ட இடமெல்லாம் தோல் தனியாக உயிர் வந்ததுபோலத் துடித்தது. காளைக்காரர் நாச்சிமுத்து மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடித்திருந்தார்.

"பந்தயத்துக்குப் பழக்குனனுங்க டாக்டரம்மா. சும்மா ரெண்டு தட்டுத்தானுங்க. செல்லமா அடிக்கறது அதுக்கே தெரியுமுங்க."

"தெரியுமா? மாட்டக் கேட்டீங்களா?"

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சொன்ன பிறகுதான் அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே உறைத்தது. கையைக் கழுவப் போனவள், குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் கணவன் கந்தவேல் அவளிடம் ஒன்று கேட்டிருந்தான். மகள் கோயம்புத்தூர் விடுதிக்குப் போனதிலிருந்து அவர்களுடைய ஃபேர்லேண்ட்ஸ் வீட்டில் ஞாயிறு மதியங்கள் சத்தமில்லாமல்தான் கழியும். அவன் குமாரபாளையத்து நெசவுக் குடும்பத்துப் பிள்ளை. நூல் வியாபாரத்தில் நாளெல்லாம் போனில் பேசுகிறவனுக்கு வீட்டில் பேச்சு குறைவு. அன்று கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, மனப்பாடம் செய்தவன் மாதிரி ஆரம்பித்தான். "மோகனா, ஒன்னு கேக்கோணும். கேட்டு முடிச்சப்பறம் நீ எந்திரிச்சுப் போனாலும் பரவால்ல."

கல்யாணத்துக்கு முன்னால், ராசிபுரம் பக்கம் ஒரு கோயில் திருவிழாவில், வேண்டுதல்காரர்களோடு வரிசையில் நின்று அவனும் கையை நீட்டிச் சாட்டையடி வாங்கியிருக்கிறான். மற்றவர்கள் சாமிக்காக வாங்கினார்கள். அவனுக்கு வேறொன்று கிடைத்தது. "வலிச்சுது. வலிக்கலைன்னு சொல்ல மாட்டேன். ஆனா அதுக்குப் பொறவு, தலைக்குள்ள ஓடிட்டே இருந்த தறி நின்ன மாதிரி இருந்துச்சு." அதன் பிறகு இருபது வருடங்களாக ஒளித்து ஒளித்துப் படித்திருக்கிறான். தன்னைப்போல உலகம் முழுக்க ஆட்கள் உண்டு, பேசி வைத்துக்கொண்டு, எல்லை போட்டுக்கொண்டு செய்கிறார்கள் என்று தெரிந்துகொண்டிருக்கிறான். அவள் கையால் அது வேண்டும். அவ்வளவுதான் அவன் கேட்டது.

"ஏனுங்க, என்னைய என்னன்னு நெனச்சீங்க?" என்று எழுந்து போனவள்தான். அன்றிலிருந்து சாப்பாடு எடுத்து வைத்திருக்கிறேன், பால் வாங்கவில்லை என்பதற்கு மேல் பேச்சில்லை. அவனும் மறுபடி வாயைத் திறக்கவில்லை. கோபித்துக்கொள்ளவும் இல்லை. தட்டைக் கழுவி வைத்தான், துணி மடித்தான், அவள் அறைக்குள் வந்தால் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டான். அந்தத் தள்ளி நிற்றல்தான் அவளைத் தின்றது. கூடவே வாழ்ந்த மனுசன், இத்தனை வருடம் இதைச் சொல்ல எவ்வளவு பயந்திருக்க வேண்டும் என்று மருந்தகத்திலிருந்து திரும்பும் வழியெல்லாம் யோசித்தாள்.

அடுத்த ஞாயிறு மதியம் அவளே நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

"வாங்கி வெச்சிருக்கீங்கதானே? எடுத்துட்டு வாங்க."

அவன் காது மடல் சிவந்தது. நூல் சாம்பிள் பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து துணி சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்தான். குட்டையான கைப்பிடி, அதிலிருந்து கொத்தாகத் தொங்கும் மெல்லிய தோல் வார்கள். அவள் முகர்ந்து பார்த்தாள். ஆட்டுத்தோல், நன்றாகப் பதப்படுத்தியது. முதலில் தன் முன்கையில் அடித்துப் பார்த்தாள். சுளீரென்று பட்டு, சூடாகப் பரவி அடங்கியது.

"மாட்டுக்குன்னு வந்ததுதானே இது?"

"மாட்டுக்கு, அப்பறம் ஆளுக்கு. அடிமைங்களுக்கு, கைதிங்களுக்கு, கப்பல்ல வேல செஞ்சவங்களுக்கு. சாமியாருங்க அவங்களே அடிச்சுக்கிட்டாங்க." தெரிந்த விஷயத்துக்கு வந்ததும் அவன் குரல் தடுமாறவில்லை. "இத்தாலியில ரெண்டாயிரத்து ஐநூறு வருசத்துக்கு முந்தின கல்லறை ஒன்னு இருக்குது. அது சுவத்துலயே ஆசைக்கு அடிக்கற மாதிரி படம் வரைஞ்சிருக்கறாங்க. ஐரோப்பாவுல இதுக்குன்னே தனியா ஊடுங்க இருந்திருக்குது."

"அடிமை முதுகுல பட்டதும் இதே தோல்தானே?"

"ஆமா. அவங்கள யாரும் கேக்கல. அதனாலதான் நான் உன்னையக் கேட்டேன்."

அவள் நோயாளியின் விவரம் கேட்கிற குரலில் தொடர்ந்தாள். எங்கே படலாம், எவ்வளவு, எதற்கப்புறம் கூடாது. முதுகெலும்பையும் கிட்னி இருக்கும் இடத்தையும் தொடவே மாட்டேன் என்றாள். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். நிறுத்தச் சொல்ல ஒரு வார்த்தை வைத்துக்கொள்வார்கள் என்றான். சாதாரணமாக வாயில் வராத வார்த்தையாக இருக்க வேண்டுமாம்.

"எனக்குப் பிடிக்கலைன்னா நானும் அதச் சொல்லலாமா?"

கந்தவேல் நிமிர்ந்து பார்த்தான். இருபது வருடப் படிப்பில் அந்தப் பக்கத்தை அவன் புரட்டவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. "நான் அத நெனைக்கவே இல்ல மோகனா," என்றான் மெதுவாக. "சொல்லலாம். நீதான் மொதல்ல சொல்லோணும்."

"அப்ப கோமாரி."

"என்னது?"

"மாட்டுக்கு வர்ற நோவுங்க. கட்டில்ல எவன் வாயில அது வரப்போகுது?"

ஒரு வாரமாகச் சிரிக்காமலிருந்த இருவரும் இப்போது சிரித்தார்கள். அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

திரைச்சீலையை இழுத்துவிட்டு வந்தாள். சட்டையைக் கழற்றிக் குப்புறப் படுத்திருந்தவனின் தோள்பட்டையில் கையை வைத்து, சதை எங்கே தடிமன் என்று அழுத்திப் பார்த்தாள். முதல் அடி தூசி தட்டுவதுபோல விழுந்தது. இரண்டாவதில் அவன் மூச்சு நீளமாக வெளியே வந்தது. மூன்றாவதில் தன் மணிக்கட்டு தானாகவே சுழலப் பழகியதை உணர்ந்தாள். அந்தச் சுழற்சியை அவளுக்குத் தெரியும். பரமத்தி வேலூரில் பிறந்த வீட்டில், கரும்புக் காட்டிலிருந்து வந்த கையோடு அப்பா இடுப்பு வாரை உருவும்போது மணிக்கட்டு இப்படித்தான் திரும்பும்.

"கோமாரி," என்றாள்.

அவன் அந்த நொடியே திரும்பி எழுந்து உட்கார்ந்தான். ஏன் என்று கேட்கவில்லை. முகத்தில் ஏமாற்றமும் இல்லை. சாட்டையை அவள் கையிலிருந்து வாங்கி நாற்காலியில் போட்டான், தண்ணீர் கொண்டுவந்தான், பக்கத்தில் உட்கார்ந்தான். அந்தப் பிறந்த வீட்டில் அப்பா அடிக்க அடிக்க அம்மா "போதுங்க, போதுங்க" என்று கத்திக்கொண்டே இருப்பாள். அந்தச் சொல் ஒரு நாளும் எதையும் நிறுத்தியதில்லை. மோகனப்பிரியா தண்ணீரைக் குடித்தாள். ஒரு சொல் சொன்னால் நின்றுவிடுகிறது என்பதை நம்ப அவளுக்குக் கொஞ்ச நேரம் தேவைப்பட்டது.

"அப்பா ஞாபகம் வந்துருச்சுங்க," என்றாள்.

"இனி வேண்டாம். தூக்கிப் போட்டர்லாம்."

படுங்கள் என்று கையால் காட்டினாள். அவன் படுத்துச் சற்று நேரத்தில் தூங்கிப்போனான். எப்போதும் உறக்கத்தில்கூட இறுகியிருக்கும் தாடை, இன்று தலையணையில் தளர்ந்து கிடந்தது. தோளில் இளஞ்சிவப்பாகக் கோடுகள் எழும்பி, அவள் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே ஒன்றோடொன்று கலந்து மங்கத் தொடங்கின. முழுதாக மறைவதற்குள் ஒரு கோட்டின்மேல் விரல் நுனியை வைத்தாள். இன்னும் சூடு இருந்தது. மின்விசிறிக் காற்றில், நாற்காலி விளிம்பில் தொங்கிய தோல் வார்கள் ஒவ்வொன்றாக அசைந்துகொண்டிருந்தன.