மர்ஸூக் நானாவின் உப்புக் கை

நுரைச்சோலைப் பக்கத்துச் சீனி வருத்தக்காரர்கள் மாதத்தில் மூன்று நாள் மட்டும் வெகு ஒழுக்கமானவர்கள். வெள்ளிக்கிழமை கிளினிக் என்றால் செவ்வாய்க்கிழமையே பிளேன்டீயில் சீனி நின்றுவிடும். வட்டிலப்பம் அலுமாரிக்குள் போகும், குரக்கன் மா வெளியே வரும். மற்ற நாளில் பக்கத்துப் பள்ளிவாசலுக்கே முச்சக்கரவண்டி பிடிக்கிறவர்கள், அந்த மூன்று நாளும் கடற்கரை வரைக்கும் கைவீசி நடப்பார்கள். இரத்தம் எடுத்து, இலக்கம் நல்லதென்று கொப்பியில் எழுதி வாங்கியதும், கிளினிக் வாசல் கடையில் இரண்டு சீனிப் பணிஸ் தின்றுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள்.

இந்தக் கூட்டத்துக்கு ஒரு தலைவர் போடுவதென்றால் மர்ஸூக் நானாவை விட்டால் வேறு ஆளில்லை. ஆறு வருடமாக அவருடைய கொப்பி பளிங்கு போல இருந்தது. கிளினிக் தாதி யூஜீனியா மிஸ்ஸி அந்தக் கொப்பியைப் புரட்டும் போதெல்லாம் மூக்குக் கண்ணாடிக்கு மேலால் ஒரு பார்வை பார்ப்பார். நோன்புக்கு ஒரு மாதம் முன்னால் அந்தப் பார்வைக்கு விடை கிடைத்தது.

"நானா, இப்ப ஒரு புது டெஸ்ட் வந்திருக்கு. மூண்டு நாள் இல்ல, மூண்டு மாசத்துக் கதையும் அது சொல்லும்."

அது சொல்லியது. பெருநாள் தொதல், கலியாண வீட்டுப் புரியாணி, வாசல் கடைப் பணிஸ் எல்லாம் ஒன்று விடாமல் அந்தத் தாளில் இருந்தது. அன்றைக்கே டொக்டர் ஊசி மருந்து எழுதிவிட்டார். இந்த வருடம் நோன்பு பிடிக்கவே கூடாதென்றும் சொன்னார். மிஸ்ஸி அதை மர்ஸூக் நானாவுக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னார்.

"ஊசியும் போட்டு, வெறும் வயித்தோட பள்ளிக் கஞ்சி அடுப்புக்குப் பக்கத்தில நிண்டா மயங்கிக் கிடாரத்துக்குள்ள விழுவீங்க. பிறகு ஊர் உங்களையும் சேத்துத்தான் கஞ்சியெண்டு குடிக்கும்."

கிடாரம் என்று சொன்னதுதான் நானாவைச் சுட்டது. தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது உடுத்த சாரத்தோடு வந்தவர் அவர். வந்த பிறகு வந்த முதல் நோன்புக்கு, நெல் அவிக்கும் கிடாரம் ஒன்றை இரவல் வாங்கி, முகாமில் முந்நூறு பேருக்குக் கஞ்சி காய்ச்சினார். அன்று பிடித்த அகப்பையை இன்னும் கீழே வைக்கவில்லை. முகாம் ஊராகி, ஓலைப் பள்ளிவாசல் கல்லுப் பள்ளியாகி, சண்டை முடிந்தும் இது நாலாவது நோன்பு. மகன் மன்னாருக்குத் திரும்பி வீடும் கட்டிவிட்டான். "வாங்க வாப்பா" என்று நாளுக்கு இரண்டு தரம் டெலிபோனில் கோல் எடுப்பான். "கஞ்சிய ஆரு பாக்கிறது?" என்று கேட்டே இவர் காலத்தைக் கடத்துவார். கிடாரத்தை விட்டால் தான் யார் என்று அவருக்கே தெரியாது, அதுதான் உண்மை.

மன்னார்க்காரருடைய ஞாபகத்தில் விட்டுவந்த வீடுகள் வருடத்துக்கு ஒரு அறையாக வளரும். மர்ஸூக் நானாவின் வீடு, வரும்போது இரண்டு அறை. இப்போது ஐந்து அறையும் தனிக் கிணற்றடியுமாக நிற்கிறது. அவருடைய கஞ்சியும் அப்படித்தான். வாப்பாவின் வாப்பா காலத்திலிருந்து ருசி பாராமல் கைக்கணக்கில் உப்புப் போடும் பரம்பரை என்று சொல்லிக்கொள்வார். நோன்போடு காய்ச்சுகிறவன் நாக்கில் ஒரு சொட்டும் வைக்கமாட்டான் என்பது அவர் போட்ட சட்டம். நாக்கு நுனியில் வைத்துத் துப்பலாம் என்று மௌலவி எத்தனை தரம் சொல்லியும் கேட்கவில்லை. சட்டம் நல்லதுதான், கஞ்சிதான் ஒருநாள் கடல்தண்ணி, ஒருநாள் வெறும் தண்ணி. யாராவது வாய் திறந்தால், "உப்புச் சரி, உங்கட நாக்குத்தான் பிழை" என்பார். இருபத்தொரு வருடம் இப்படியே ஓடிப்போனது.

இந்த நோன்பு தொடங்கியது. நோயாளிக்கு அல்லாஹ் விலக்குத் தந்திருக்கிறான் என்று நானாவுக்குத் தெரியும். பிடிக்காத நோன்புக்கு ஈடான அரிசியை, யாரும் அறியாதபடி தூரத்து முந்தல் ஊரில் ஒரு ஏழை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டும் வந்தார். அல்லாஹ்வுக்கு அவர் பயப்படவில்லை, அவன் அறிந்தவன். ஊருக்குத்தான் பயம். கஞ்சிக்கார மர்ஸூக் நோன்பு பிடிக்கிறதில்லை என்று ஒரு வாய் சொல்லிவிட்டால் அகப்பை கையை விட்டுப் போய்விடும்.

ஆகையால் ரம்ஸியா, அவருடைய மனைவி, ரொட்டியும் மீனும் பார்சல் கட்டி ரம்பை இலைக்குக் கீழே ஒளித்துக் கொடுத்தனுப்புவாள். மதிய லுஹர் தொழுதபின் நானா பள்ளிக் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு, புகைக்குள் குந்தியிருந்து அவசர அவசரமாகத் தின்பார். தின்றது யாருக்கும் தெரியாமலிருக்க உதட்டைச் சாரத் தலைப்பால் துடைத்துக் காயவைப்பார். "நோன்பு எப்பிடி நானா?" என்று கேட்டால், "அல்ஹம்துலில்லாஹ்" என்பார். அதில் பொய் ஒன்றுமில்லை, உண்மையும் ஒன்றுமில்லை.

ஆனால் ஒன்று நடந்தது. நோன்பில்லாத நாக்கு சும்மா கிடக்குமா? முதல் நாளே, உப்பைப் போட்டுவிட்டு, அகப்பை நுனியில் ஒரு சொட்டை எடுத்து நக்கிப் பார்த்தார். குறைவு. இன்னும் அரைப் பிடி. அடடா, இதுவல்லவா கஞ்சி!

மூன்றாம் நாள் ஊரே பேசத் தொடங்கியது. ஏழாம் நாள் பக்கத்து மஹல்லாவிலிருந்து வாளியோடு ஆட்கள் வந்தார்கள். பத்தாம் நாள், "அவர்ர கையில பரக்கத் இறங்கியிருக்கு" என்று பெண்கள் வேலிக்கு வேலி சொன்னார்கள். பள்ளி நிர்வாகத் தலைவர் நிஸார் ஹாஜியார் ஒருபடி மேலே போனார். வருகிற வெள்ளி ஜும்ஆ முடிந்ததும் மர்ஸூக் நானாவுக்குப் பொன்னாடை போர்த்துவதென்று முடிவு செய்தார்.

"அறுவத்துமூண்டு வயசில, நெருப்பில வெந்து, ஒரு சொட்டும் நாக்கில படாம நோன்பு பிடிச்சுக் காய்ச்சிறார். இளந்தாரிகள் பாக்கட்டும்" என்றார்.

நானா வீட்டுக்கு வந்து ரம்ஸியாவிடம் விஷயத்தைக் கொட்டினார்.

"உள்ளதச் சொல்லிப் போடுங்க" என்றாள் ரம்ஸியா. "இருவத்தொரு வருஷம் உப்புச் சரியில்ல எண்டு குடிச்ச சனம், இப்ப சரியாப் போச்செண்டு உங்களக் கொல்லப் போகுதே!"

"சொன்னாக் கிடாரத்தையும் தரமாட்டானுகள், முகத்தையும் பாக்கமாட்டானுகள்."

இரண்டு நாள் யோசித்து அவர் கண்டுபிடித்த வழியைப் பாருங்கள். கஞ்சி கெட்டுப்போனால் பொன்னாடையும் நின்றுபோகும் அல்லவா? வியாழக்கிழமை, சரியான உப்புக்கு மேலே இன்னும் மூன்று பிடி அள்ளிப் போட்டார். ருசி பார்த்தார். கண்ணில் தண்ணி வந்தது. சரி, இன்றைக்கு ஏச்சு நிச்சயம் என்று சந்தோஷமாக அகப்பையைச் சுழற்றினார்.

நோன்பு திறக்கும் நேரம். முதல் மிடறு குடித்தவனுடைய முகம் ஒரு கணம் கோணியது. அவன் பக்கத்து ஆளைப் பார்த்தான். பக்கத்து ஆள் அவனுக்குப் பக்கத்து ஆளைப் பார்த்தான். மர்ஸூக் நானாவின் பால்ய சினேகிதர் முத்தலிபு, மன்னாரில் பக்கத்து வீட்டுக்காரர், கோப்பையை உயர்த்தி, "சுப்ஹானல்லாஹ்! இண்டைக்கு ஒரு தனி ருசி மச்சான்" என்றார். அவ்வளவுதான். எல்லோர் நாக்குக்கும் ஒரே நேரத்தில் ருசி விளங்கிவிட்டது. நிஸார் ஹாஜியார் இரண்டாம் கோப்பை வாங்கினார். முத்தலிபு மூன்று கோப்பை. பேரெடுத்த கஞ்சியை உப்பென்று சொல்ல அந்த வரிசையில் ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை.

விடிந்தால் கிளினிக். உட்காரும் வாங்கு நிறையச் சனம். யூஜீனியா மிஸ்ஸி பிரஷர் பார்க்கத் தொடங்கி, நாலாவது ஆளில் மெஷினைத் தட்டிப் பார்த்தார். ஏழாவது ஆளில் வேறு மெஷின் எடுத்தார்.

"எல்லாருக்கும் ஏறிக் கிடக்கு. நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"நோன்பு மிஸ்ஸி, என்னத்தச் சாப்பிடுற?" என்றது வாங்கு முழுவதும், ஒரே குரலாக.

வாங்கின் கோடியில் இருந்த மர்ஸூக் நானா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் முத்தலிபு எழும்பப் பார்த்து, தலை சுற்றி, சுவரைப் பிடித்துச் சரிந்தார். டொக்டர் ஓடிவந்தார். கட்டிலில் கிடத்திப் பார்த்தால் மேல் இலக்கம் இருநூறைத் தாண்டி நின்றது. மிஸ்ஸி ஒரு பிரஷர்க் குளிசையைக் கொண்டுவந்து, "நாக்குக்குக் கீழ வையுங்க" என்றார்.

முத்தலிபு பல்லை இறுக்கிக்கொண்டார். "நோன்பு முறிஞ்சிடும்."

"உசிரு போயிடும் முத்தலிபு! வையடா!" என்று நானா கட்டிலைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"நீ சொல்லாத மச்சான்." குரல் மெலிந்து வந்தது. "இந்த வயசில நெருப்புக்குப் பக்கத்தில நிண்டு நீ பிடிக்கிறாய். நான் நிழல்ல இருந்துகொண்டு ஒரு குளிசைக்காக முறிக்கவா? வெக்கமில்லையா எனக்கு?"

மர்ஸூக் நானா கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தார். ஐம்பது வருடத்துக்கு மேலான சினேகிதன். தொண்ணூறில் ஒரே வள்ளத்தில் வந்தவன். தான் காட்டிய பொய்யைப் பார்த்து உயிரை விடக் கிடக்கிறான்.

"நான் நோன்பு பிடிக்கல்லடா" என்றார்.

வாங்கு முழுவதும் திரும்பியது. நானா நிறுத்தவில்லை. நிறுத்தினால் பிறகு வராதென்று அவருக்குத் தெரியும்.

"ஒரு நோன்பும் பிடிக்கல்ல. டொக்டர் வேணாமெண்டிட்டார். குசினிக்குள்ள ரொட்டி திண்டுட்டு, கஞ்சிய நக்கிப் பாத்துத்தான் உப்புப் போட்டன். நேத்து வேணுமெண்டே மூண்டு பிடி கூடப் போட்டன். உன்னப் படுக்க வெச்சது நான்தான். வாயத் திற."

முத்தலிபு வாயைத் திறந்தார், குளிசைக்காகவா ஆச்சரியத்திலா என்று தெரியாது. மிஸ்ஸி அந்தச் சந்தில் குளிசையை வைத்துவிட்டார். அந்தக் கிளினிக்கில் ஒரு நோயாளி தானாகச் சொன்ன முதல் உண்மை அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அரை மணித்தியாலம் போய் இலக்கம் இறங்கியது. முத்தலிபு கண்ணைத் திறந்தார்.

"வேற என்ன பொய் சொல்லியிருக்கிறாய்?"

"மன்னார் வீட்டுக்கு ரெண்டு அறைதான்."

"அது எனக்குத் தெரியாதா? பக்கத்து வீட்டுக்காரன். என்ட இல்லாத மாடி வீட்டப் பத்தி நீ வாய் திறக்கல்ல, நானும் திறக்கல்ல" என்றார் முத்தலிபு. நானாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

ஜும்ஆவுக்குப் போகும்போது குசினிப் பூட்டின் திறப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனார். தொழுகை முடிந்ததும் நிஸார் ஹாஜியார் பொன்னாடையை விரித்தபடி எழும்பினார். நானா முந்திக்கொண்டு மைக்கைப் பிடித்தார். கிளினிக்கில் சொன்னதை அப்படியே, ஒரு பிடியும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். சொல்லி முடித்துத் திறப்பை மௌலவிக்கு முன்னால் வைத்தார். ஹாஜியார் விரித்த பொன்னாடையை மடிக்கவும் தெரியாமல், போர்த்தவும் தெரியாமல் நின்றார்.

மௌலவி தொண்டையைச் செருமினார். "நோயாளிக்கு விலக்கு இருக்கு. அவர் செஞ்ச பிழை நோன்ப விட்டது இல்ல, எங்களுக்குப் பயந்தது. அவர அப்பிடிப் பயப்பட வெச்சது ஆரு எண்டு நாங்களும் யோசிக்கோணும்" என்றார்.

மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு முதியவர் எழும்பினார். "அதெல்லாம் சரி ஹஸரத். இண்டைக்குக் கஞ்சி ஆரு?" அவர் வந்து திறப்பை எடுத்து நானாவின் சட்டைப் பைக்குள் போட்டார். "ருசி தெரிஞ்ச ஆளே காய்ச்சட்டும். ஆனா நேத்தையப் போல வேணாம் வாப்பா, ராமுழுக்கத் தண்ணி குடிச்சே செத்துப்போனன்."

பள்ளியே சிரித்தது. அப்போதுதான் நேற்றுக் கஞ்சி உப்பு என்று எல்லோரும் சொல்லத் தொடங்கினார்கள்.

சனிக்கிழமை லுஹருக்குப் பின் குசினிக் கதவு தட்டுப்பட்டது. முத்தலிபு, கையில் பார்சலோடு. டொக்டர் அவருக்கும் நோன்பைத் தடுத்துவிட்டார். ஞாயிறு இன்னும் இரண்டு பேர் வந்தார்கள், இத்தனை நாளும் கக்கூசுக்குள் நின்று பிஸ்கட் தின்றவர்கள். திங்கள் பின்கதவால் ஒரு உருவம், முகத்தை மூடிக்கொண்டு, சட்டென்று உள்ளே நுழைந்தது. மூடியிருந்த துணி அந்தப் பொன்னாடை. விலக்கினால் நிஸார் ஹாஜியார்!

"பத்து வருஷமாச் சீனி" என்றார் ஹாஜியார், யாருடைய முகத்தையும் பாராமல். "மூண்டு வருஷ நோன்பா, காரை எடுத்துக்கொண்டு முந்தல் தாண்டிப் போய், கண்ணாடிய மூடிப்போட்டுத் திண்டுட்டு வாறன். பெற்றோலுக்கே கட்டுதில்ல."

மர்ஸூக் நானா பொன்னாடையை வாங்கித் தரையில் விரித்தார். ஐந்து பேரும் சுற்றி உட்கார்ந்து பார்சலைப் பிரித்தார்கள். பயமில்லாமல், மென்று விழுங்கிச் சாப்பிட எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதை நானா அன்றைக்குத்தான் அறிந்தார்.

சாப்பிட்டு முடிய, கஞ்சிக்கு உப்புப் போடும் கட்டத்துக்கு வந்தார்கள். நானா முதல் பிடியை அள்ளியதுமே எட்டுக் கைகள் உயர்ந்தன.

"போதும் மச்சான், பிரஷர்!"

"மிஸ்ஸி கொல்லுவா."

"அரைப் பிடி, அரைப் பிடி" என்றார் ஹாஜியார்.

நானா அகப்பை நுனியை நக்கிப் பார்த்தார். வெறும் தண்ணி. சுற்றிலும் நாலு முகங்களைப் பார்த்தார். உப்புச் சட்டியை மூடினார்.

அன்று பின்னேரம் வரிசையில் நின்றவர்கள், நோன்பு திறந்ததும் வாளியோடு திரும்பி வந்து சத்தம் போட்டார்கள். "இதென்ன நானா, உப்பே இல்லையே!"

இருபத்தொரு வருடமாகச் சொன்ன பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதை அப்படியே விழுங்கினார்.

"ஓம் தம்பி, இல்லைத்தான்" என்றார் மர்ஸூக் நானா. "நானும் குடிச்சுப் பாத்தன்."