வெளிர்மஞ்சள்

முந்தின இரவு தூங்காமலேயே ரூத் மகாபலிபுரம் பேருந்தில் ஏறினாள். செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆசிரியை அவள். முனைவர் பட்டத்துக்காக அவள் செய்த ஆய்வை இப்போது அதே ஆய்வகத்தின் மாணவன் ஹரிஹரன் தொடர்கிறான். அவள் கண்ட முடிவு அவனுக்கு வரவே இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால், முன்பே வெளியான ரூத்தின் கட்டுரை தவறு என்று ஆய்விதழுக்கு எழுதிவிடுவதே நியாயம் என்று இருவருக்கும் ஆய்வு வழிகாட்டியான பேராசிரியர் துர்காதேவி சொல்லிவிட்டார். அந்தக் கட்டுரையின் முதல் பக்கத்தை ரூத்தின் அம்மா செல்லம்மா கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருந்தாள்.

செய்முறை கேட்க எளிதுதான். பெட்ரோல் வாடை அடிக்கும் ஹெப்டேனில், சோப்பு வகையைச் சேர்ந்த வெள்ளை மெழுகு ஒன்றைக் கரைத்து, சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் குலுக்க வேண்டும். மெழுகு அந்தத் தண்ணீரைக் கண்ணுக்குத் தெரியாத துளிகளாகப் பிரித்து உறைபோல மூடிக்கொள்ளும். ஒரு குடுவையின் துளிகளில் காட்மியம் உப்பு, இன்னொன்றில் சோடியம் சல்ஃபைடு. இரண்டையும் கலந்தால் துளிகளுக்குள்ளேயே காட்மியம் சல்ஃபைடு துகள்கள் வளரும். தண்ணீர் கூடினால் துளி பெரிதாகும், துகளும் பருக்கும். சின்னத் துகள் என்றால் கரைசல் வெளிர்மஞ்சள். பருத்தது என்றால் அடர்மஞ்சள்.

ரூத்துக்கு அன்று வெளிர்மஞ்சள் வந்தது. ஹரிக்கு ஒவ்வொரு தடவையும் அடர்மஞ்சள்.

ஆய்வகம் சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துப் பழைய கட்டடத்திலிருந்து மகாபலிபுரத்துக் கடலோரப் புதுக் கட்டடத்துக்கு மாறியிருந்தது. ரூத் தன் கையாலேயே செய்து பார்த்தாள். அடர்மஞ்சள்தான். குடுவையை வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"என் கைதான் சரியில்லன்னு நெனச்சிகினு இருந்தேன்" என்றான் ஹரி. "எங்கண்ணன் லாரி ஓட்ட ஆள் தேடுறான். அங்கியே போயிடலாமான்னு கூட தோணிச்சி."

"உன் கை இன்னா பண்ணும்? நான் போட்டதே தப்பு போலகீது."

"அன்னிக்கு எத்தினி வாட்டி செஞ்சி பாத்த? எல்லாம் ஒரே மாரிதான வந்திச்சி? அதெப்படி தப்பாவும்?"

அவள் மறுபடி மெழுகை எடுத்துத் தராசில் வைத்தாள். எடை சரியாக இருந்தது. ஜன்னல் வழியே உப்புக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. ஹரி ஜன்னலைச் சாத்தப் போனான். ரூத் தராசைப் பார்த்தாள். கடைசி இலக்கம் மாறியிருந்தது. அவள் பார்க்கப் பார்க்க இன்னும் ஏறியது.

"ஹரி, தராச தொட்டியா?"

"நான் இன்னாத்துக்கு தொடப்போறேன்?"

"எடை ஏறிகினே போவுது. வந்து பாரேன்."

இருவரும் குனிந்து பார்த்தார்கள். எண் நிற்கவில்லை.

"காத்துலேந்து தண்ணி குடிக்குது, ஹரி!" ரூத்தின் குரல் கிறீச்சிட்டது. "நாம சொட்டு சொட்டா எண்ணி ஊத்தறோம். இது முன்னாடியே குடிச்சிட்டு வந்து நிக்குது!"

பழைய கட்டடத்தில் அந்தப் புட்டி ஈரம் உறிஞ்சும் மணிகளோடு மூடிய கண்ணாடிக் கலத்தில் இருந்தது. இடம் மாற்றியபோது யாரோ அதை ஜன்னலோர அலமாரியில் வைத்திருக்கிறார்கள். கடற்காற்றில் ஊறியே கிடந்திருக்கிறது.

மெழுகை வெற்றிட அடுப்பில் வைத்து உலர்த்தினார்கள். மறுநாள் ரூத் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தாள். கலக்குவதை ஹரியே செய்யட்டும் என்று தள்ளி நின்றுகொண்டாள். அவன் ஒரு குடுவையை இன்னொன்றில் சாய்த்தான். முதலில் நிறமே இல்லை. பிறகு, எலுமிச்சைச் சாறு கலந்ததுபோல், மெல்ல வெளிர்மஞ்சள் பரவியது.

"வந்திச்சி" என்றான் ஹரி, சத்தமில்லாமல்.

கரைசல் விழுங்கும் ஒளியை அளந்து கோடாக வரையும் கருவியிலும் வைத்துப் பார்த்தார்கள். புதிய கோடு ரூத்தின் பழைய கோட்டின் மேலேயே படிந்தது. துர்காதேவி கண்ணாடியைக் கழற்றிவிட்டு இரண்டு கோடுகளையும் கிட்டத்தில் பார்த்தார்.

"அப்பாடா!" என்று நாற்காலியில் சாய்ந்தார். "உங்கிட்ட அப்படிச் சொல்லிட்டு நானும் சரியாத் தூங்கலம்மா. கட்டுரைல ஒரு தப்பும் இல்ல. ஹரி, இந்த ஈரக்கதைய உன் ஆய்வேட்டுல தனியா ஒரு அத்தியாயமா எழுதிடு."

ஹரி தலையாட்டினான். சிரிப்பை அவனால் அடக்க முடியவில்லை.

மாலையில் ரூத் செங்கல்பட்டுப் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். திருக்கழுக்குன்றம் வருமுன்பே தூங்கிவிட்டாள். நடத்துநர் தோளைத் தட்டியபோது பேருந்து காலியாக இருந்தது.

"எம்மா, இறங்கு. செங்கல்பட்டு வந்திச்சி."